மாவு அரைத்தால் தொட்டி ஏன் வழிகிறது?

2023-ஆம் ஆண்டுக் கோடையில் எங்கள் தெருவுக்கு நான்கு நாட்களுக்கு ஒரு முறைதான் குழாய்த் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்து, சன்ஷேடு வழியாக அருவிபோல் இறங்கித் தெருவில் ஓடியது. "பாடம் சொல்லிக் கொடுக்கிற சார் வீட்டிலேயே இப்படித் தண்ணீர் பாழாகலாமா?" என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இத்தனைக்கும் எங்கள் வீட்டில் மோட்டாரை நிறுத்த ஆளே தேவையில்லை. தொட்டி நிரம்பியதும் தானே மோட்டாரை நிறுத்திவிடும் தானியங்கிக் கருவி ஒன்றை ஆறு மாதங்களுக்கு முன்புதான் பொருத்தியிருந்தோம்.

வழக்கமாக வரும் வயர்மேன் வந்து பார்த்தார். "போர்டு போயிடுச்சு சார், புதுசு மாட்டிடலாம்" என்றார். மாட்டினோம். மூன்று வாரம் ஒழுங்காக வேலை செய்தது. நான்காம் வாரம் மறுபடியும் அருவி. தயாரிப்புதான் சரியில்லை என்று முடிவு கட்டி, வேறொரு தயாரிப்பை இரு மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். அதுவும் இரண்டு மாதத்தில் தன் குணத்தைக் காட்டிவிட்டது.

மூன்று கருவிகள், இரண்டு தயாரிப்புகள், ஒரே விதமான கோளாறு! பௌதிகம் படித்தவனுக்கு அப்போதாவது ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். கருவி மாறியது, வீடு மாறவில்லை. அப்படியானால் குற்றம் எங்கே இருக்கக் கூடும்?

இன்று பல வீடுகளில் இத்தகைய கருவிகள் புகுந்துவிட்டன. தொலைவிலிருந்து இயக்கும் மின்விசிறி, கைப்பேசியில் அணைக்கும் விளக்கு, இருட்டினால் தானே எரியும் வாசல் விளக்கு, ஆள் வந்தால் மணியடிக்கும் கதவு என்று நாளுக்கொரு புதுமை. இவை ஒழுங்காக வேலை செய்யும்வரை நாம் இவற்றை நினைப்பதே இல்லை. ஒரு நாள் அணைத்த விளக்கு தானே எரிகிறது. எரியும் விளக்கு தானே அணைகிறது. உடனே கருவியைத் திட்டிவிட்டுக் குப்பையில் போடுகிறோம். சில சமயங்களில் அந்தக் கருவி நம் வீட்டு மின்கம்பிகளைப் பற்றி நமக்கு ஏதோ சொல்ல வந்திருக்கும்.

நாட்காட்டியில் ஒரு தடயம்

தொட்டி வழிந்த நாட்களை நாட்காட்டியில் வட்டமிடத் தொடங்கினேன். நேரத்தையும், அப்போது வீட்டில் என்னென்ன ஓடின என்பதையும் பக்கத்தில் எழுதினேன். ஐந்து வட்டங்கள் சேர்ந்ததும் பார்த்தால், நான்கு ஞாயிறு, ஒரு புதன். ஞாயிறு விடுமுறை நாள், எல்லோரும் குளிப்பார்கள், தண்ணீர் அதிகம் செலவாகும் என்றெல்லாம் நான் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். நாட்காட்டியை எட்டிப் பார்த்த என் தாயார், "ஞாயிறும் புதனும் நான் மாவு அரைக்கிற நாள்டா" என்றார்.

கிரைண்டர் ஓடினால் தொட்டி ஏன் வழிய வேண்டும்? முதலில் சிரிப்புத்தான் வந்தது. அதிலும், மாவு அரைத்த எல்லா நாட்களிலும் தொட்டி வழியவில்லை. ஆயினும் மாவு அரைக்காத ஒரு நாளில்கூட வழியவில்லை என்பதை ஒதுக்கிவிட முடியவில்லை.

சோதித்துப் பார்த்தேன். தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது கிரைண்டரைப் போட்டு அணைத்தேன். இப்படி இருபது முறை. போடும்போது ஒன்றும் நேரவில்லை. அணைக்கும்போது மூன்று முறை தானியங்கியின் முகப்பிலுள்ள சிறு விளக்குகள் அப்படியே உறைந்து நின்றன. அதன்பின் தொட்டி நிரம்பினாலும் அது மோட்டாரை நிறுத்தவில்லை. மோட்டார் ஓடாதபோது அதே உறைவு ஏற்பட்டால் தொட்டி வழியாது. ஆகவே யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மோட்டார் ஓடும் வேளையும் கிரைண்டர் நிற்கும் வேளையும் ஒன்றாக அமைந்து, அந்த இருபதில் மூன்று என்ற வாய்ப்பும் கூடிவந்தால்தான் தெருவில் தண்ணீர். மூன்று வாரம் ஒழுங்கு, நான்காம் வாரம் கோளாறு என்பதன் மர்மம் இதுதான்.

கிரைண்டருக்குள் இருப்பது கம்பிச்சுருள்கள் கொண்ட மோட்டார். கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாயும்போது அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது. அந்தப் புலத்தில் ஆற்றல் சேமிக்கப்பட்டிருக்கிறது. சுவிட்சை அணைத்ததும் மின்னோட்டம் சட்டென்று நிற்க முயல்கிறது. சேமித்த ஆற்றல் எங்கே போகும்? வேகமாகத் தண்ணீர் வரும் குழாயைத் திடீரென மூடினால் சுவருக்குள் 'டம்' என்று ஓர் அதிர்ச்சி கேட்கிறதல்லவா? ஓடிவந்த தண்ணீரின் வேகம் அடைபட்ட இடத்தில் அழுத்தமாக மாறி முட்டுகிறது. அதைப்போலவே கம்பிச்சுருளில் ஓடிய மின்னோட்டமும் தடைபட்ட இடத்தில் மின்னழுத்தமாக எழும்புகிறது. எவ்வளவு விரைவாக நிறுத்துகிறோமோ அவ்வளவு உயரமாக எழும்பும். 230 வோல்ட் வீட்டில் ஒரு கணத்துக்குச் சில நூறு வோல்ட்டுகள், ஆயிரம் வோல்ட்டும்கூட, தோன்றலாம். இருட்டில் பழைய சுவிட்சை அணைக்கும்போது உள்ளே நீலப் பொறி தெரிவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொறிதான் இந்த எழுச்சியின் சாட்சி.

சரி, கிரைண்டர் சமையலறையில் இருக்கிறது. தானியங்கி மாடிப்படியின் கீழே. இரண்டுக்கும் என்ன தொடர்பு? தொட்டியில் தண்ணீர் மட்டத்தை உணரும் எஃகுக் குச்சிகளிலிருந்து மூன்று மெல்லிய கம்பிகள் தானியங்கிக்கு இறங்கி வரவேண்டும். சுவரை வெட்டாமல் வேலையை முடிக்க, அவற்றைச் சமையலறைச் சுவருக்குள் ஏற்கெனவே இருந்த குழாய் வழியாக இழுத்திருந்தார்கள். அதே குழாயில்தான் கிரைண்டர் பிளக்குக்குப் போகும் கம்பிகளும் இருந்தன. ஏறத்தாழ பத்து மீட்டர் தூரம் அவை தோளோடு தோள் உரசிக்கொண்டு ஓடின.

அருகருகே ஓடும் இரு கம்பிகள் ஒரு மின்தேக்கிக்குச் சமம். நடுவில் பிளாஸ்டிக் உறை இருப்பதால் நேர்மின்னோட்டம் கடக்க முடியாது. ஆனால் மாறும் மின்னழுத்தத்துக்கு அது வழிவிடும். மீட்டருக்கு நூறு பிக்கோஃபாரடு என்று வைத்துக்கொண்டால் பத்து மீட்டருக்கு ஆயிரம் பிக்கோஃபாரடு. 500 வோல்ட் எழுச்சி ஒரு மைக்ரோ வினாடியில் ஏறினால், இவ்வளவு சிறிய மின்தேக்கியின் வழியாகவும் அந்த மைக்ரோ வினாடிக்கு அரை ஆம்பியர் வரை பாயக்கூடும் என்று கணக்கு சொல்கிறது. எதிர்ப்படும் மற்றத் தடைகளால் உண்மையில் இது குறையும். ஆனால் நம் தானியங்கி, தண்ணீர் வழியே வரும் ஆம்பியரின் லட்சத்தில் சில பங்கு மின்னோட்டத்தைக் கேட்டுக்கொண்டு காத்திருக்கும் கருவி. கிசுகிசுப்பைக் கேட்கக் காதைத் தீட்டி வைத்திருப்பவன் காதருகே வேட்டு வெடித்தால் எப்படி இருக்கும்! உள்ளே இருக்கும் நுண்கணிப்பொறிச் சில்லு, தான் எந்த வரியில் நிற்கிறோம் என்பதையே மறந்து திகைத்துவிட்டது. அப்படித் திகைத்தால் தன்னைத் தானே தட்டி எழுப்பிக்கொள்ளும் காவல் கடிகாரம் ஒன்றைச் சில்லுக்குள்ளேயே அமைக்க முடியும். மலிவான கருவிகளில் அதைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுவதும் உண்டு.

ஆனாலும் இது ஊகம்தானே? எழுச்சி, தானியங்கிக்கு மின்சாரம் தரும் கம்பி வழியாகவும் வந்திருக்கலாம். ஆகவே குழாயிலுள்ள மூன்று கம்பிகளையும் கழற்றிவிட்டு, வேறு மூன்று கம்பிகளை வீட்டுக்கு வெளியே சுவரோரமாகத் தற்காலிகமாகத் தொங்கவிட்டேன். மற்ற எதையும் தொடவில்லை. கிரைண்டரை நாற்பது முறை போட்டு அணைத்தேன். ஒரு முறைகூட உறையவில்லை. பாதை எது என்பது தெரிந்துவிட்டது. இப்போது அந்தக் கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டுத் தனிக் குழாயில் இறங்குகின்றன. கிரைண்டர் சுவிட்சின் இரு முனைகளுக்கும் குறுக்கே, 0.1 மைக்ரோஃபாரடு மின்தேக்கியும் 100 ஓம் தடையும் தொடராக இணைந்த ஒரு சிறு பொட்டலத்தையும் வயர்மேன் பொருத்தினார். எழும்பும் மின்னழுத்தத்தை அது வாங்கிச் சூடாக மாற்றிவிடும். செலவு, மூன்றாவதாக வாங்கிய கருவியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஒன்று சொல்லவேண்டும். வீட்டு மின்சாரத்தில் குறுக்கே இணைக்கும் மின்தேக்கி, அதற்கென்றே செய்யப்பட்ட எக்ஸ்-2 வகையாக இருக்கவேண்டும். பழைய ரேடியோவிலிருந்து கழற்றியதைப் போட்டால் ஒரு நாள் அது தீப்பிடிக்கும். இந்த வேலையை உரிமம் பெற்ற வயர்மேனிடம் விடுவதே முறை. நான் செய்தது சுவிட்சைப் போட்டதும் அணைத்ததும், கருவிக்கு வரும் மின்சாரத்தை அறவே நிறுத்திவிட்டு அந்த மூன்று மெல்லிய கம்பிகளை மாற்றியதும்தான்.

பிறக்கும் இடம், வரும் வழி

எந்த மின் குறுக்கீட்டிலும் மூன்று பேர் உண்டு: இரைச்சலைப் பிறப்பிப்பவர், அதைச் சுமந்து செல்பவர், அதனால் பாதிக்கப்படுபவர். மூவரில் ஒருவரை விலக்கினாலும் தொல்லை தீரும். நாம் எப்போதும் மூன்றாமவரையே மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

பிறப்பிடங்களில் முதலிடம் மிக்சிக்கு. அதன் மோட்டாரில் சுழலும் செப்புத் துண்டுகளைக் கரித்துண்டுகள் உரசிக்கொண்டே இருக்கின்றன. வினாடிக்குப் பல்லாயிரம் சிறு பொறிகள். 1887-ஆம் ஆண்டில் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் மின்காந்த அலைகளை உண்டாக்கப் பயன்படுத்தியதும் பொறிதான். ஆகவே சட்னி அரைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் காலையில் ஹெர்ட்ஸின் சோதனை நடக்கிறது என்றால் மிகையாகாது! அடுத்து, கைப்பேசிக்கும் விளக்குக்கும் பயன்படும் சிறு அடாப்டர்கள். இவை மின்சாரத்தை வினாடிக்குப் பல பத்தாயிரம் முறை வெட்டி வெட்டித்தான் அழுத்தத்தைக் குறைக்கின்றன. அந்த வெட்டலின் இரைச்சல் வீட்டுக் கம்பிக்குள் திரும்பிச் செல்லாமல் தடுக்க உள்ளே வடிகட்டி வேண்டும். மிக மலிவான அடாப்டரைத் திறந்து பார்த்தால் வடிகட்டிக்கு உரிய இடம் பலகையில் இருக்கும், உறுப்பு இருக்காது.

இவற்றுள் குற்றவாளி எது என்று கண்டுபிடிக்கப் பரணில் கிடக்கும் பழைய டிரான்ஸிஸ்டர் ரேடியோ போதும். மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, வீட்டுக்குள் மெதுவாக நடந்து பாருங்கள். இரைச்சல் எங்கே உரக்கக் கேட்கிறதோ அங்கேதான் ஆள் இருக்கிறார். பண்பலை இதற்கு உதவாது. அலையின் உயரம் கூடிக் குறைவதை அது பொருட்படுத்தாமல் வடிவமைக்கப்பட்டது.

இதே முறையைப் பெரிய அளவில் கையாண்ட ஒரு நிகழ்ச்சி உண்டு. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த அபெர்ஹோசன் என்னும் சிற்றூரில், பதினெட்டு மாதங்களாக ஒவ்வொரு நாள் காலையும் ஏழு மணிக்கு இணையத் தொடர்பு தடுமாறிவந்தது. பொறியாளர்கள் பலமுறை வந்தார்கள்; கேபிளில் பெரும் பகுதியையே மாற்றிப் பார்த்தார்கள். பயனில்லை. கடைசியில் 2020-ஆம் ஆண்டில், அலைவரிசை ஆய்வுக் கருவியைக் கையில் ஏந்திக்கொண்டு விடியற்காலையிலேயே தெருத்தெருவாக நடந்தார்கள். சரியாக ஏழு மணிக்கு ஒரு வீட்டிலிருந்து மின் இரைச்சல் வெடித்துக் கிளம்பியது. அந்த வீட்டுக்காரர் தினமும் ஏழு மணிக்குத் தம் பழைய தொலைக்காட்சிப் பெட்டியைப் போடுவது வழக்கம். பெட்டியை இனிப் போடுவதில்லை என்று அவர் ஒப்புக்கொண்டதும் ஊருக்கே தொடர்பு சீரானது. கேபிளை மாற்றுவதற்கு முன்பே 'ஏன் ஏழு மணி?' என்ற கேள்வியைத் துரத்தியிருந்தால் எத்தனை மாதங்கள் மிச்சமாகியிருக்கும்!

கம்பியே இல்லாமல் காற்று வழியாக வரும் குறுக்கீடும் உண்டு. 2019-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் நார்த் ஓம்ஸ்டெட் என்ற ஊரில், ஒரு பகுதியில் மட்டும் கார்களைத் திறக்கும் தொலைசாவிகளும் வண்டிக் கொட்டகைக் கதவுகளின் தொலைவிசைகளும் வேலை செய்யாமல் போயின. ஊரே குழம்பியது. மின்னணுவியலில் ஆர்வமுள்ள ஒருவர், தம் வீட்டு மாடியில் யாரேனும் இருந்தால் தெரியவேண்டும் என்று தாமே செய்துகொண்ட சிறு கருவிதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அது மின்கலத்தில் இயங்கி, இடைவிடாமல் 315 மெகாஹெர்ட்சில் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. அந்நாட்டுத் தொலைசாவிகள் பலவும் பேசுவது அதே அதிர்வெண்ணில். தம் கருவி அக்கம்பக்கத்தை ஊமையாக்கிவிட்டது அவருக்கே தெரியாது.

நம் வீட்டு வைஃபை விளக்குகளும் சுவிட்சுகளும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதையொட்டிய அதிர்வெண்ணில்தான் வேலை செய்கிறது. அடுப்பு ஓடும்போது மட்டும் விளக்கு சொன்னபடி கேட்கவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டாம். இதைவிட அடிக்கடி காணும் காரணம் ஒன்று உண்டு. சுவருக்குள் பதிக்கும் சுவிட்சுப் பெட்டி இரும்புத் தகடாக இருந்தால், அதற்குள் வைத்த வைஃபைக் கருவி பானைக்குள்ளிருந்து பேசுபவன் போல் ஆகிவிடும். கருவியை மாற்றாமல் பெட்டியை மாற்றினால் போதும். மின்விசிறியின் தொலைவிசை அகச்சிவப்பு ஒளியை வினாடிக்கு ஏறத்தாழ 38,000 முறை மினுக்கிப் பேசுகிறது. மின்னணுச் சோக்கு உள்ள சில விளக்குகளும் ஏறத்தாழ அந்த வேகத்திலேயே துடிப்பவை. அவற்றுக்கு அடியில் விசிறியின் கண் தடுமாறும்.

மருந்தே நோயான கதை

வீட்டைத் தானியங்கியாக்கும் ஆசை புதிதன்று. ஸ்காட்லாந்தின் கிளென்ராத்தஸ் நகரிலிருந்த பிக்கோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1975-ஆம் ஆண்டிலேயே எக்ஸ்-10 என்ற முறையை உருவாக்கியது. தனிக் கம்பி எதுவும் வேண்டாம். வீட்டில் இருக்கும் மின்கம்பியிலேயே 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்புகளாகக் கட்டளைகள் போகும். மாறுமின்னழுத்தம் சுழியைக் கடக்கும் அந்தக் கணத்தை ஒட்டி, ஒரு மில்லி வினாடி நீளமுள்ள துடிப்பு. அந்த நேரத்தில் கம்பியில் அமளி குறைவு என்பதால் இந்த ஏற்பாடு. அமெரிக்காவில் இது மிகவும் பரவியது. ஆண்டுகள் சென்றபின் பயன்படுத்தியவர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள்: புதிதாக ஒரு கணிப்பொறியோ தொலைக்காட்சியோ வாங்கிச் செருகினால், எந்த இரைச்சலும் இல்லாமலேயே விளக்குகள் கட்டளைக்கு அடிபணிய மறுத்தன.

காரணம், அந்தப் புதுப் பெட்டிக்குள் இருந்த நல்ல வடிகட்டி! அதில் உள்ள 0.1 மைக்ரோஃபாரடு மின்தேக்கி 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் சுமார் 32,000 ஓம் தடையாகத் தெரியும். ஏறத்தாழ ஒன்றுமே இல்லாத மாதிரி. 120 கிலோஹெர்ட்சுக்கோ அது வெறும் 13 ஓம். கட்டளை விளக்குக்குப் போய்ச் சேருமுன் இந்தக் குறுக்குவழியில் விழுந்து கரைந்துவிட்டது. இரைச்சலை அடக்கும் அதே உறுப்பு, பேச்சையும் அடக்கிவிட்டது. எனவே 'எல்லாக் கோளாறுக்கும் ஒரு வடிகட்டி' என்று விற்பனைக்கு வரும் பொருட்களை வாங்குவதற்கு முன், நம் வீட்டுத் தொல்லை கூச்சலா, விழுங்கலா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அணைத்த விளக்கில் மினுமினுப்பு

பல வாசகர்கள் கண்டிருக்கக் கூடிய இன்னொரு விந்தை, இரவில் அணைத்தபின்னும் எல்.இ.டி. விளக்கு மங்கலாக ஒளிர்வது அல்லது சில வினாடிகளுக்கு ஒருமுறை மினுக்குவது. பேய், பிசாசு என்று குழந்தைகள் பயப்படுவதும் உண்டு. சுவிட்சில் சிறு சிவப்பு விளக்கு இருந்தால் அதன் வழியே கசியும் மின்னோட்டம் காரணமாக இருக்கலாம். அது இல்லாவிட்டாலும், மேலே சொன்ன அதே கம்பி மின்தேக்கி இங்கும் வேலை செய்யும். ஆயிரம் பிக்கோஃபாரடு, 50 ஹெர்ட்சுக்கு ஏறத்தாழ 32 லட்சம் ஓம். 230 வோல்ட்டில் அதன் வழியே கசிவது சுமார் 72 மைக்ரோஆம்பியர். பழைய குண்டு பல்பு இதைச் சட்டை செய்யாது. எல்.இ.டி. விளக்கோ அதைத் துளித்துளியாகத் தன் மின்தேக்கியில் சேர்த்து வைத்து, நிரம்பியதும் ஒரு முறை மினுக்கிவிட்டு மறுபடியும் சேர்க்கத் தொடங்கும்.

இதனால் தீங்கில்லை. ஆனால் இதே மினுமினுப்புக்கு மற்றொரு காரணமும் இருக்கலாம்: சுவிட்சை பேஸ் கம்பியில் வைக்காமல் நியூட்ரல் கம்பியில் வைத்துவிட்டிருப்பார்கள். அப்போது சுவிட்சை அணைத்தாலும் விளக்கின் ஹோல்டர் வரை 230 வோல்ட் வந்து நிற்கும். அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் ஈரக் கையோடு விளக்கைக் கழற்றுபவரின் உயிருக்கே ஆபத்து. மினுக்கும் விளக்கு வீட்டில் இருந்தால், வயர்மேன் அடுத்த முறை வரும்போது டெஸ்டரை வைத்து இதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் ஏமாந்த இடம்

கிரைண்டர் விவகாரத்தைத் தீர்த்த பெருமையில் நான் செய்த தவறு ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அதே ஆண்டு ஐப்பசியில், கூடத்திலிருந்த வைஃபை விளக்கு அடிக்கடி அணைந்து மறுபடியும் எரிய ஆரம்பித்தது. கவனித்ததில், இஸ்திரிப் பெட்டியைப் போட்டிருக்கும்போது மட்டுமே அது நிகழ்ந்தது. 'இதுவும் குறுக்கீடுதான்' என்று உடனே தீர்ப்பளித்தேன். இஸ்திரிப் பெட்டிக் கம்பியில் ஃபெரைட் வளையம் மாட்டினேன். ஒரு வாரம் குறைந்தது போலத் தோன்றியது, பிறகு பழையபடியே.

இஸ்திரிப் பெட்டியில் பொறி பறக்கும் மோட்டார் கிடையாது. உள்ளே இருப்பது வெறும் சூடேறும் கம்பி. அதனுடைய வெப்பக்கட்டுப்பாடு எப்போதாவது ஒரு முறை 'டிக்' என்று பிரியும்; அவ்வளவுதான். இதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசித்தது ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள். "அப்பா, அயர்ன் பண்ணும்போது டியூப்லைட்டும்தான் மங்குது" என்றாள்.

மல்ட்டிமீட்டரை எடுத்து வேறொரு பிளக்கில் அளந்தேன். இஸ்திரிப் பெட்டி இல்லாதபோது 226 வோல்ட். போட்டதும் 214. பன்னிரண்டு வோல்ட் எங்கே போயிற்று? 1000 வாட் பெட்டி எடுப்பது சுமார் 4 ஆம்பியர். வீட்டுக்குள்ளும் வெளியிலும் உள்ள செப்புக் கம்பிகள் அந்த மின்னோட்டத்துக்கு இரண்டு வோல்ட் விழுங்கலாம். மிச்சம் பத்து வோல்ட் ஏதோ ஓர் இடத்தில் தொலைகிறது. பத்து வோல்ட், நான்கு ஆம்பியர். பெருக்கினால் நாற்பது வாட். சாலிடர் வைக்கும் சூட்டுக்கோல் ஒன்று என் வீட்டுச் சுவருக்குள் எங்கோ, மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில், எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள்! கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது உண்மை.

மெயினை அணைத்துவிட்டு வயர்மேனை அழைத்தேன். மீட்டருக்கு அருகிலுள்ள மெயின் பலகையைத் திறந்ததும் கருகல் வாடை வந்தது. நியூட்ரல் கம்பியைப் பிடித்திருந்த கனெக்டரின் திருகு தளர்ந்து, செம்பு கறுத்து, பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது. திருகு தளர்ந்தால் தொடும் பரப்பு குறையும், தடை கூடும், சூடாகும், சூட்டில் உலோகம் விரிந்து சுருங்கித் திருகு மேலும் தளரும். இப்படியே அது தன்னைத் தானே கெடுத்துக்கொண்டு போகும். வைஃபை விளக்குக்கு 214 வோல்ட் ஒரு பொருட்டே அல்ல. 150 வோல்ட்டிலும்கூட எரியக்கூடியது. ஆனால் அந்தத் தளர்ந்த இணைப்பு நொடியில் ஒரு சிறு பங்கு நேரம் முற்றிலும் விட்டுவிட்டுப் பற்றியபோதெல்லாம் அதன் சில்லு மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தது. எங்கள் வீட்டிலேயே முதலில் அதைக் கண்டுபிடித்துச் சொன்னது அந்த விளக்குத்தான். நான்தான் அதன் வாயை வளையம் மாட்டி அடைக்கப் பார்த்தேன்.

நியூட்ரல் கோளாறு வீட்டோடு நிற்காமல் தெருவிலோ, மும்முனை இணைப்புள்ள வீட்டின் மீட்டருக்கு முன்போ ஏற்பட்டால் இன்னும் மோசம். மும்முனை மின்சாரத்தில் ஒவ்வொரு முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரு முனைகளுக்கு இடையே 400 வோல்ட். நியூட்ரல் அறுந்துபோனால் இரு முனைகளிலுள்ள சாதனங்கள் தொடர் இணைப்பாகி அந்த 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். குறைவாக மின்சாரம் எடுக்கும் பக்கத்துக்கு அதிக வோல்ட் விழும். சில அறைகளில் விளக்கு மங்கி, அதே நேரத்தில் வேறு அறைகளில் வழக்கத்துக்கு மாறாகப் பிரகாசமாக எரிந்தால் இதுதான் அடையாளம். அப்போது நோட்டுப் புத்தகமும் வேண்டாம், டிரான்ஸிஸ்டரும் வேண்டாம். உடனே மெயினை அணைத்துவிட்டு மின்வாரிய அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் வயர்மேன் கருகிய பகுதியை வெட்டி எறிந்து, புதிய கனெக்டர் போட்டு, மற்றத் திருகுகளையும் ஒவ்வொன்றாக இறுக்கினார். அவற்றில் இன்னும் இரண்டு தளர்ந்திருந்தன. மறுபடியும் இஸ்திரிப் பெட்டியைப் போட்டு அளந்தோம்: 226 வோல்ட், 224 வோல்ட். "ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் இதெல்லாம் இறுக்கணும் சார், யாரும் கூப்பிட மாட்டேங்கிறாங்க" என்றார் அவர். வீடு கட்டிப் பதினோரு ஆண்டுகளில் அந்தப் பலகையை நாங்கள் திறந்தது அதுவே முதல் முறை.